படத்தில் விழுந்த புள்ளிகள்

தபால்காரர் தெய்வசிகாமணி நல்ல மனிதர்தான். ஆனால் எழுத்துத் தெரியாதவர்களுக்குக் கடிதம் வந்தால் தெருவில் நின்றே உரக்கப் படித்துவிடுவார். அது உபகாரம் என்று அவருக்கு நினைப்பு. வைத்திக்குப்பத்தில் யார் வீட்டு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனான், யாருக்கு எங்கே பெண் பார்த்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் வாய் வழியாகத்தான் கடற்கரை வரைக்கும் போகும். எண்பத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதம் பூவாயிக்கு வந்த கார்டையும் அவர் அப்படித்தான் படித்தார்.

"'பூவாயி, கணவர் பெயர் வைத்திலிங்கம். தங்களுக்கு எடுத்த மார்பகப் படம் தொடர்பாக மறுபரிசோதனை தேவைப்படுகிறது. வரும் வியாழன் காலை எட்டு மணிக்குக் கோரிமேடு ஆஸ்பத்திரிக்கு...'"

"யோவ், குடுய்யா இங்க!" என்று பூவாயி கார்டைப் பிடுங்கினாள். பிடுங்கி என்ன பயன்? எதிர் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கை நின்றுபோயிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் அவள் ஓரகத்தி செல்வாம்பாள் வாளியும் கையுமாக நின்றிருந்தாள். அவள் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது.

பூவாயி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மாதத்துக்கு முன்பு குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு மருத்துவ முகாம் போட்டார்கள். இடது பக்கம் சின்னதாகக் கட்டி மாதிரி தட்டுப்படுகிறது, எதற்கும் ஒரு படம் எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். போன வாரம் போய்ப் படமும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று இருந்தவளுக்கு, இப்போது திரும்பவும் வா என்கிறார்கள். திரும்பக் கூப்பிட்டால் என்ன அர்த்தம்? புற்றுநோய்தான். வேறென்ன? நாற்பத்தேழு வயதில் கதை முடிந்தது என்று அவளே தீர்ப்பும் எழுதிக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள்தான். தனக்கு என்று வரும்போது பழமொழியெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது!

பூவாயியின் புருஷன் வைத்திலிங்கம் ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசினால் அதிகம். முகாமில் கட்டி என்று சொன்ன அன்று சாயங்காலம் அவன் நேரே எல்லையம்மன் கோயிலுக்குப் போய், காகிதத்தில் திருநீறு மடித்துக்கொண்டு வந்தான். "தடவிக்க" என்றான். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து விடியற்காலம் கட்டுமரம் தள்ளப் போவதற்கு முன்னால் கோயிலுக்குப் போய்ப் புதுத் திருநீறு வாங்கிவந்து அவள் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் கடலுக்குப் போனான். இருபத்தெட்டு வருஷத்தில் அவன் அவளுக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்லை. அந்தப் பொட்டலத்தைப் பூவாயி முந்தானையில் பத்திரமாக முடிந்துகொண்டாள்.

கார்டு வந்த பிறகு அவள் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று பூச ஆரம்பித்தாள். குளிக்கும்போதுகூட அந்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டாள். ஆத்தா கை வைத்திருக்கிற இடம், அதைக் கழுவலாமா? வியர்வையில் ஊறி ஊறித் திருநீறு தோலோடு அப்பிப்போய்க் கிடந்தது.

வியாழக்கிழமை விடிகாலை பூவாயி தனியாகத்தான் கிளம்பினாள். தெருமுனை திரும்பும்போது பின்னால் செருப்புச் சத்தம். பார்த்தால் செல்வாம்பாள்.

"நானும் வர்றேன்" என்றாள் செல்வாம்பாள்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பெரிய மார்க்கெட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் மீன் விற்கிறார்கள். கரையில் இறக்குகிற மீனில் மணல் ஒட்டியிருக்கும். மணலோடு விற்பதுதான் வழக்கம். மணல் இருந்தால் மீன் பழசா புதுசா என்று சட்டென்று தெரியாது. பூவாயி மட்டும் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, மீனை முக்கி எடுத்து, செவுளைத் தூக்கிக் காட்டுவாள். "கழுவிப் பாத்துக்க தாயே! பூவாயி மீனுக்குப் பயமில்ல!" என்று அவள் கத்துவது மார்க்கெட் வாசல் வரைக்கும் கேட்கும். வெள்ளைக்காரத் தெருவிலிருந்து வருகிற பிரெஞ்சுக்கார மதாம்கள்கூட அந்தக் குரலைக் கேட்டுத்தான் வருவார்கள். அப்போ பக்கத்தில் மணலோடு வைத்திருக்கிற செல்வாம்பாள் மீனுக்குப் பயம் என்றுதானே அர்த்தம்? அதில் வந்த சண்டை. தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொள்ளாத குறைதான்.

அப்படிப்பட்டவள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள். "நீ எதுக்குடி? வேடிக்கை பாக்கவா?" என்றாள் பூவாயி.

"தனியா போவ வாணாம்னு தோணுச்சு."

"தோணும் தோணும்" என்று முனகினாளே தவிர, துரத்திவிடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தாள். மனசுக்குள் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்வாளா பூவாயி?

கோரிமேட்டில் பஸ் நிற்பதற்குள் பாதிக் கூட்டம் இறங்கிவிட்டது. விழுப்புரம், திண்டிவனம் பக்கமிருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, கார்டைக் காட்டி, கடைசியில் பெண்கள் பகுதியில் ஒரு மரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். போன வாரம் படம் எடுக்க வந்தபோது இருந்த நர்ஸ் பார்வதி வந்தாள். நடுத்தர வயசு, மூக்குக் கண்ணாடி, அவசரமில்லாத பேச்சு.

"பயந்துக்காதம்மா. இன்னிக்கு என்னென்ன செய்வாங்கன்னு சொல்லிடறேன். மொதல்ல டாக்டரம்மா கையால தொட்டுப் பாப்பாங்க. அப்பறம் மறுபடி படம் எடுப்பாங்க, இந்த தபா கிட்டக்க வெச்சு எடுப்பாங்க. தேவைப்பட்டா ஒரு ஊசி போட்டு உள்ள என்னா இருக்குதுன்னு எடுத்துப் பாப்பாங்க. எல்லாம் முடிய மத்தியானம் ஆயிடும். சாப்பிட்டுட்டுதான வந்த?"

பூவாயி தலையை ஆட்டினாள். பொய். பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

"படம் எடுக்கறது ஆம்பளையா, பொம்பளையா சிஸ்டர்?" என்று கேட்டாள் செல்வாம்பாள்.

"பொம்பளதான்."

"ரவிக்கைய முழுசா கழட்டணுமா?"

"ரவிக்கை மட்டும் கழட்டணும். போத்திக்கத் துணி குடுப்போம்."

"படம் எடுக்கறப்ப வலிக்குமா? ஊசி வலிக்குமா? மயக்க மருந்து குடுப்பாங்களா? அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?"

பூவாயிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏண்டி, வந்திருக்கறது நானா, நீயா? வாய மூடிக்கிட்டு உக்காரு!"

பார்வதி சிரித்தாள். "கேக்கட்டும்மா. படம் எடுக்கறப்ப அழுத்திப் புடிப்பாங்க, கொஞ்ச நேரம் வலிக்கும். ஊசி ஒரு சுருக்குதான். அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்க. திரும்பக் கூப்பிட்டாங்கன்னாலே புத்துநோய்னு அர்த்தம் இல்ல. இந்த பெஞ்சுல உக்கார்றவங்கள்ல முக்காவாசிப் பேரு ஒண்ணுமில்லன்னு சிரிச்சுக்கிட்டுதான் போறாங்க."

மீதிக் கால்வாசியில் தான்தான் முதல் ஆள் என்று பூவாயி நினைத்துக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். செல்வாம்பாளும் கூடவே நுழைந்தாள், யாரும் தடுக்கவில்லை. மறைப்புக்குப் பின்னால் பூவாயி ரவிக்கையைக் கழற்றியதும் பார்வதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தாள்.

"இது என்னாம்மா, வெள்ளையா?"

"எல்லையம்மன் துன்னூறு."

"போன தபா படம் எடுக்கறப்பவும் பூசியிருந்தியா?"

"பூசாம? அன்னிக்குத்தான் கொஞ்சம் தூக்கலா பூசினேன். படம் எடுத்த பொண்ணு அவசரத்துல கவனிக்கல."

"அன்னிக்கு நான்தான உன்கிட்ட சொன்னேன்? பவுடர், மருந்து ஏதாவது போட்டிருந்தா தொடச்சிட்டு வான்னு?"

"தொடச்சேனே! கழுத்துல போட்டிருந்த பவுடரத் தொடச்சேன். பவுடரு அழகுக்குப் போடறது. இது சாமி துன்னூறு. சாமிய யாராவது தொடைப்பாங்களா?" பூவாயி உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள்.

பார்வதி வெளியே போய் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சின்ன வயசு டாக்டர். முதலில் கையால் தொட்டு, விரல் நுனியால் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த வெளிச்சப் பெட்டியில் பழைய படத்தைச் செருகி, "இங்க வந்து பாருங்கம்மா" என்றாள். கறுப்பும் சாம்பலுமான அந்தப் படத்தில் ஓர் இடத்தில் ரவை சிந்தியது மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருந்தன.

"இந்தப் புள்ளிங்களுக்காகத்தான் உங்களத் திரும்பக் கூப்பிட்டோம். உள்ள இப்படி இருந்தா சில சமயம் அது கெட்ட நோயோட ஆரம்பமா இருக்கும். ஆனா தோல் மேல திருநீறு இருந்தாலும் படத்துல இப்படித்தான் விழும். எதுன்னு தெரியணும். அத நல்லா கழுவிட்டு வாங்க, மறுபடி எடுப்போம்."

பூவாயி மெதுவாக ரவிக்கையை எடுத்து மாட்ட ஆரம்பித்தாள்.

"என்னம்மா?"

"நான் போறேன் டாக்டரம்மா. கழுவ மாட்டேன். அந்த மனுசன் தெனம் இருட்டுல போயி வாங்கியாந்தது. இதுதான் என்ன இன்னிக்கு வரைக்கும் புடிச்சு வெச்சிருக்குது. இதையும் கழுவிட்டு, அப்பறம் உள்ளதான் இருக்குதுன்னு நீங்க சொன்னா நான் எதைப் புடிச்சிக்கிட்டு நிப்பேன்?"

அதுதான் விஷயம். கழுவுவதில் அவளுக்குச் சாமிக் குற்றம் பாதி, பயம் பாதி. திருநீறு இருக்கிற வரைக்கும் புள்ளிக்கு ஒரு சாக்கு இருக்கும். கழுவிய பிறகும் புள்ளி நின்றால் தப்பிக்க வழியே இல்லை. டாக்டரம்மா பொறுமையாக என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். பூவாயி கொக்கியைப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போது செல்வாம்பாள் முன்னால் வந்து நின்றாள். பேச்சு கொஞ்சம் சூடாகவே வந்தது.

"ஏன்க்கா, மார்க்கெட்டுல என் மானத்த வாங்கினியே, அப்ப என்னா சொன்ன? மண்ணோட விக்கறவ மீனுல ஏதோ கோளாறுன்னு சொன்ன இல்ல? கழுவிப் பாத்துக்க தாயேன்னு ஊரே கேக்கக் கத்தின இல்ல? இப்ப நீ மட்டும் மண்ண ஒட்ட வெச்சுக்கிட்டு கூடைய மூடற?"

பூவாயியின் கை கொக்கியிலேயே நின்றது.

"உன் மீனுக்குப் பயமில்லைன்னா கழுவிக் காட்டு! இல்லன்னா நாளையிலேர்ந்து மார்க்கெட்டுல அந்தக் கூச்சல் போடாத!" என்று சொல்லி முடிக்கும்போது செல்வாம்பாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் ஊத்தறேன்க்கா. வா."

பார்வதி பக்கத்துக் குளியலறையைத் திறந்துவிட்டாள். "நெத்தியில இருக்கறது இருக்கட்டும்மா, அது படத்துல வராது" என்றாள். அந்த ஒரு வார்த்தை பூவாயிக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது பார்வதிக்குத் தெரிந்திருக்காது. செல்வாம்பாள் குவளையால் மொண்டு ஊற்றினாள். சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க வெள்ளைத் தண்ணீர் ஓடியது. பூவாயி கண்ணை மூடிக்கொண்டு, "ஆத்தா, கோச்சுக்காத, மொகத்துல உன்ன வெச்சுக்கிட்டுதான் இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவள் அவள் முதுகைத் துடைத்துவிட்டாள்.

படம் எடுக்கிற அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு இயந்திரம். அதன் பலகை மேல் மார்பை வைத்து, மேலேயிருந்து ஒரு தட்டை இறக்கி அழுத்தினார்கள். பலகை ஐஸ் பெட்டி மாதிரி சில்லிட்டிருந்தது. "மூச்சப் புடிச்சுக்கம்மா, அசையாத" என்றாள் படம் எடுக்கிற பெண். வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பத்து எண்ணினாள். ஏழு எண்ணுவதற்குள் விட்டுவிட்டார்கள். அப்புறம் பக்கவாட்டில் ஒன்று. வலி அவ்வளவுதான்.

படத்துக்குக் காத்திருந்ததுதான் வலியெல்லாம். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வைத்திலிங்கம் இந்நேரம் வலை இழுத்துக்கொண்டிருப்பான். வீட்டில் சோறு யார் ஆக்குவது, கடைசிப் பையன் கல்யாணத்தை யார் நடத்துவது என்று என்னென்னவோ ஓடியது. செல்வாம்பாள் பக்கத்துக் கடையில் டீயும் பொறை ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தாள். பூவாயி பொறையை நனைத்து நனைத்துத் தின்றாள். இரண்டு நாள் கழித்து அன்றுதான் தொண்டையில் ஏதோ இறங்கியது.

டாக்டரம்மா கூப்பிட்டு, பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் செருகிக் காட்டினாள். புதுப் படத்தில் புள்ளியே இல்லை. பூவாயி கிட்டே போய் மூக்கு முட்டுகிற அளவுக்குப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை.

"எங்க போச்சு?"

"சாக்கடையில போச்சு" என்றாள் டாக்டரம்மா, சிரித்துக்கொண்டே. "எல்லாம் திருநீறுதான். ஆனா கையில தட்டுப்பட்ட அந்தக் கட்டி என்னன்னும் பாத்துடணும். ஒரு ஊசி போடறேன்."

ஊசி சுருக்கென்றது. டாக்டரம்மா இழுக்க இழுக்கச் சிரிஞ்சுக்குள் வெளிர் மஞ்சளாகத் தண்ணீர் வந்தது. கட்டி இருந்த இடத்தில் அழுத்திப் பார்த்தால் கட்டியைக் காணோம். "நீர்க்கட்டி. இந்த வயசுல நிறைய பேருக்கு வரும், கெட்டது இல்ல. இருந்தாலும் தண்ணிய டெஸ்ட்டுக்கு அனுப்பறேன், அடுத்த வாரம் வந்து கேட்டுக்கங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை வாங்க. நடுவுல திரும்பத் தட்டுப்பட்டா உடனே வரணும். மாசத்துக்கு ஒருநாள் நீங்களே கையால தடவிப் பாத்துக்கணும்" என்றாள். பூவாயி அவள் கை இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மகராசியா இரும்மா! உன் கை நல்லா இருக்கணும்!" என்று அழுகையும் சிரிப்புமாக அவள் போட்ட சத்தத்தில், வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் வேப்பமரத்து நிழலில் நின்றபோது பூவாயிக்குப் பழைய வாய் திரும்பி வந்துவிட்டது. "பாத்தியாடி! பூவாயி மீனுக்கு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். செல்வாம்பாள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். வந்த பஸ்ஸில் ஏறவும் இல்லை.

"அக்கா" என்றாள். "எனக்கும் இருக்குது. வலது பக்கம். மூணு மாசமா."

பூவாயிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. ஆம்பளையா பொம்பளையா, ரவிக்கையைக் கழற்றணுமா, ஊசி வலிக்குமா.

"முகாம் போட்ட அன்னிக்கு?"

"கருவாட்டுக் கொட்டாயில போயி ஒளிஞ்சுக்கிட்டேன். உனக்கு கார்டு வந்துச்சே, அன்னிக்கு ராத்திரி எல்லாம் தூக்கம் இல்ல. நீ போனா, கூட வந்து என்னா பண்றாங்கன்னு பாத்துக்கலாம்னு..."

"அடிப் பாவி! மூணு மாசமா மூடி வெச்சிருந்தியா? உன்ன...!" அடிக்க ஓங்கிய கையால் பூவாயி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நடுரோட்டில், பஸ்ஸிலிருந்து இறங்குகிற சனம் பார்க்க, இரண்டு மீன்காரிகள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்ததும் பூவாயி மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு திரும்ப உள்ளே நடந்தாள். சீட்டு நேரம் முடிந்திருந்தது. பார்வதி அவர்களைப் பார்த்ததும் சொன்னாள்: "காலையிலேயே நெனச்சேன். நாளைக்கு ஏழு மணிக்கெல்லாம் வந்துடுங்க. நான்தான் இருப்பேன்."

சாயங்காலம் வைத்திலிங்கம் கரையேறியதும் பூவாயி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஈரத் துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப என் துன்னூறுதான் உன்ன அழ வெச்சுதா?" என்றான். அன்றைக்கு அவன் பேசிய நீளமான பேச்சு அது. முகம் சுண்டிப்போயிருந்தது.

பூவாயி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆமாய்யா, அழ வெச்சுதுதான். ஆனா அது இல்லன்னா கார்டு வந்திருக்காது. கார்டு வரலன்னா செல்வாம்பா என் பின்னாடி வந்திருக்க மாட்டா. கருவாட்டுக் கொட்டாயிலயே ஒளிஞ்சு கெடந்திருப்பா. ஆத்தா யாருக்காகக் குடுத்தாளோ, நமக்கு என்னா தெரியும்?"

அவன் தலையை ஆட்டினான்.

மறுநாள் விடியற்காலம் அவன் கடலுக்குப் போகவில்லை. கோயிலுக்குப் போய்த் திருநீறு மடித்துக்கொண்டு வந்து, செல்வாம்பாள் வீட்டு வாசலில் தயங்கித் தயங்கி நின்றான். பூவாயி பொட்டலத்தை வாங்கி, ஒரு சிட்டிகை எடுத்து, செல்வாம்பாள் நெற்றியில் பட்டையாக இழுத்தாள். மீதியை மடித்துப் புருஷன் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"நெத்தியோட சரி. கீழ எறங்கக் கூடாது. நல்லா சோப்புப் போட்டுக் குளிச்ச இல்ல?"

"ரெண்டு தபா குளிச்சேன்" என்றாள் செல்வாம்பாள். அவள் கை சில்லென்றிருந்தது. "அக்கா, ஊசி வலிக்குமாக்கா?"

பூவாயி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வலிக்கும்டி. ஒரு சுருக்கு வலிக்கும். நான் பக்கத்துல இருக்கறேன், வா."